தப்பும் பட்டமும்

யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் 1960-இல் தோன்றிய இசைக் கல்விக்கூடம், 1975-இல் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகத்தோடு இணைந்து, இராமநாதன் நுண்கலைக் கழகம் என நாடறிந்ததாயிற்று. வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம், பரதம் ஆகியன அங்கே பட்டத்துக்குரிய கலைகளாயின. ஈழத்துத் தமிழர்க்கு இது பெரும்பேறே, நாம் மறுக்கவில்லை. பதுளைத் தோட்டங்களின் தப்புக்கு அந்த வரிசையில் ஏன் இடமில்லை என்பதே நம் கேள்வி.

பசறையிலும் அப்புத்தளையிலும் விடியுமுன்னே தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தது தப்பு. மாசியிலே அதே தப்பு முழங்க, லயத்து முற்றத்தில் மன்மதன் எரிந்தான், இரதி புலம்பினாள். பகலெல்லாம் மலையேறி உழைத்தவர்களே இரவெல்லாம் காமன் கூத்தாடினர். துரைக்கு வேலைமணியாகப் பயன்பட்ட கருவி அறிஞர் சபைக்கு மட்டும் தீட்டாகிவிட்டதோ? மிருதங்கமும் தோற்கருவிதானே! அடிப்பவனின் சாதியிலன்றோ தடை இருக்கிறது?

நாட்டுக்கூத்து பல்கலைக்கழகத்துக்கு ஆகாது என்னும் வாதத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் எப்போதோ உடைத்துவிட்டார். 1962-இல் அவர் பேராதனையில் 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றினார். மட்டக்களப்பு அண்ணாவிமாரின் கலைக்குக் கதவு திறந்தது. மலையகத்துக்கு அக்கதவு அவ்வாறு திறக்கவில்லை.

2005-இல் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்குப் பட்டம் உண்டு. நுண்கலைக்கென ஒரு பீடம் இல்லை. தேயிலை பாடமாகலாம், அதைப் பறித்தவரின் கூத்து ஆகாதாம்! காமன் கூத்தை ஆய்வேட்டுக்குப் பொருளாக்கினால் மட்டும் போதாது. கூத்து வாத்தியாரை ஆசிரியராக அமர்த்துக. உரிய சம்பளம் தருக. தோட்டத்துப் பிள்ளை தப்பு பயின்று பட்டம் பெற வழிசெய்க. அதைப் பதுளையிலேயே தொடங்குக.