முறைப்பாட்டை நாளைக்குத் தள்ளாதீர்கள்



ரியூசனுக்குப் போன மகள் இருட்டியும் வரவில்லை. சந்தைக்குப் போன வயோதிபத் தாயைக் காணவில்லை. இப்படியான வேளையில், இருபத்து நான்கு மணித்தியாலம் கழிந்த பின்னரே பொலிஸார் முறைப்பாட்டை ஏற்பார்கள் என்று எங்கள் கரையோரத்தில் பலர் நம்புகிறார்கள். அப்படி ஒரு சட்டம் இலங்கையில் இல்லை. காணவில்லை என்று அறிந்தவுடனேயே அருகிலுள்ள பொலிஸ் நிலையத்திற்குச் செல்லலாம். கடலுக்குப் போனவர் திரும்பாவிட்டால் மீனவர் சங்கத்திற்கும் கடற்றொழில் பரிசோதகருக்கும் உடனே அறிவியுங்கள்.

"யாருடனாவது போயிருப்பாள், வந்துவிடுவாள்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் பேசாமல் வந்துவிடாதீர்கள். 2010 ஜனவரி 24இல் ஊடகவியலாளர் பிரகீத் எக்னெலிகொட காணாமற் போனார். அவர் மனைவி சந்தியாவின் முறைப்பாட்டை ஏற்கப் பொலிஸார் முதலில் தயங்கினர். அவர் விடவில்லை, மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றார். 2011இல் அரச தரப்பு உயரதிகாரி ஒருவர் ஐ.நா. குழுவொன்றில், பிரகீத் வெளிநாட்டில் இருப்பதாகக் கூறினார். 2012இல் நீதிமன்றத்தில் அதை அவரால் உறுதிப்படுத்த முடியவில்லை. 2015இல்தான் இராணுவத்தினர் சிலர் கைது செய்யப்பட்டனர். முதல் நாட்களில் இழந்த தடயங்களைப் பின்னர் பெறுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இது ஒரு பாடம்.

மொழியும் முக்கியம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, குற்றம் பற்றி வாய்மூலம் சொல்லப்படும் தகவலைச் சொன்ன மொழியிலேயே எழுதி வாசித்துக் காட்ட வேண்டும். அது முடியாவிட்டால் நீங்களே தமிழில் எழுதிக் கொடுக்கலாம். விளங்காத சிங்களப் பதிவில் கையொப்பம் இடாதீர்கள். சொல்லாத ஒரு வரி பின்னர் வழக்கையே திசைதிருப்பிவிடும்.

போகும்போது இவற்றைக் கொண்டு செல்லுங்கள்:

- அண்மையில் எடுத்த படம், அடையாள அட்டை இலக்கம்
- கடைசியாக அணிந்திருந்த உடை, உடலிலுள்ள அடையாளங்கள்
- கடைசியாகக் கண்டவர், நேரம், இடம்
- தொலைபேசி இலக்கம், உட்கொள்ளும் மருந்துகள்

முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்க மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு (1996) அறிவிக்கலாம். பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929 ஆகிய இலக்கங்கள் உள்ளன.

இன்னொன்று. பிள்ளை கிடைத்துவிட்டால் பொலிஸுக்கும் படம் வெளியிட்டவர்களுக்கும் சொல்லி அதை நீக்கச் செய்யுங்கள். வீடு திரும்பிய பிள்ளையை ஊர் வாயில் மீண்டும் தொலைத்துவிடக் கூடாது.