டர்பன் மைதானத்தில் விற்ற புத்தகம்

இனவெறியை ஒழிக்கக் கூடிய கூட்டத்தில் இனவெறிப் புத்தகம் விற்றார்கள். 2001 ஆகஸ்ட் கடைசி, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம். ஐ.நா.வின் இனவெறி எதிர்ப்பு உலக மாநாட்டில் அரசுகள் கூடுவதற்கு முன்பே, இயக்கங்களும் தொண்டு நிறுவனங்களும் தனியாக ஒரு மன்றம் கூட்டின. கிங்ஸ்மீட் கிரிக்கெட் மைதானத்தில் கூடாரம் போட்டு நடந்தது. அங்கேதான் ‘சீயோன் மூத்தோரின் நெறிமுறைகள்’ விலைக்குக் கிடைத்தது. யூதர்கள் ரகசியமாகக் கூடி உலகத்தையே வளைக்கச் சதி செய்கிறார்கள் என்று ஜார் காலத்து ரஷ்யாவில் 1903இல் அச்சேறிய பச்சைப் பொய் அது. மூன்றாம் நெப்போலியனைக் கிண்டல் செய்த பழைய பிரெஞ்சு நூலிலிருந்து திருடிக் கட்டியது என்று 1921லேயே லண்டன் ‘டைம்ஸ்’ அம்பலப்படுத்திவிட்டது. கூடவே ஹிட்லர் படம் போட்ட துண்டறிக்கை: நான் ஜெயித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அவன் கேட்கிற மாதிரி. கொக்கி மூக்கு, ரத்தம் சொட்டும் பல் என்று யூதரைத் தீட்டிய கேலிப்படப் புத்தகம் வேறு.

அதே மைதானத்தில் நம்ம ஆட்களும் இருந்தார்கள். சாதியை உலகத்தின் முன் வைக்க, இங்கிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட தலித்துகள் போயிருந்தார்கள். நம் மேடைகளில் டர்பன் என்றாலே இந்திய அரசு சாதியைத் தடுத்த கதை மட்டும்தான் வரும். அந்தப் புத்தகக் கதை வராது.

அரசின் கதையையும் விட்டுவிட முடியாது. 1946இல் தென்னாப்பிரிக்க இந்தியர் படும் பாட்டை ஐ.நா.வுக்குக் கொண்டுபோனது இதே இந்தியா. 1860இல் சென்னையிலிருந்து கப்பலேறி டர்பனில் இறங்கிய கூலிகளின் பிள்ளைகளுக்காக அன்று நியாயம் கேட்டார்கள். சரி, கேட்கட்டும். 1965இல் இனப்பாகுபாட்டு எதிர்ப்பு உடன்படிக்கை உருவானபோது அதில் ‘வம்சாவளி’ என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னதும் இந்தியாதான். 1996இல் அதே உடன்படிக்கையின் கண்காணிப்புக் குழு, ‘வம்சாவளி என்பதில் சாதியும் அடங்கும்’ என்றதும் தில்லிக்கு மூச்சு முட்டியது. சாதி வேறு, இனம் வேறு, இது எங்கள் உள்வீட்டு விவகாரம்! டர்பனில் தொழில், வம்சாவளி அடிப்படையிலான பாகுபாடு பற்றி இருந்த ஒரே பத்தியையும் இறுதி ஆவணத்திலிருந்து எடுக்க வைத்த பிறகுதான் ஓய்ந்தார்கள். வெள்ளைக்காரன் செய்தால் இனவெறி, நீ செய்தால் பண்பாடா?

இந்தக் கேள்வியைக் கேட்கிற நாம்தான் அந்த உடன்படிக்கையின் பிறப்பையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1959 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு ஜெர்மனியின் கொலோன் நகரத்து யூதர் ஜெபக்கூடத்தில் ஸ்வஸ்திகா கிறுக்கினார்கள். சில வாரங்களில் அந்த வியாதி பல நாடுகளுக்குப் பரவியது. ஐ.நா. விழித்துக்கொண்டது அதனால்தான், உடன்படிக்கைக்கான பேச்சு கிளம்பியதும் அங்கிருந்துதான். ஆனால் உடன்படிக்கையைப் புரட்டிப் பாருங்கள், யூத வெறுப்பு என்ற சொல்லே கிடையாது. அமெரிக்கா அதைச் சேர்க்கச் சொல்ல, சோவியத் பதிலுக்கு சீயோனியத்தையும் நாஜிசத்தோடு சேர்த்துப் போடச் சொல்ல, கடைசியில் எதுவுமே வேண்டாம் என்று முடித்தார்கள். எந்த நோவுக்காக வைத்தியரைக் கூப்பிட்டார்களோ அந்த நோவின் பெயரே மருந்துச் சீட்டில் இல்லை.

1975 நவம்பரில், சீயோனியம் இனவெறியின் ஒரு வடிவம் என்று பொதுச்சபை தீர்மானம் போட்டது. ஆதரவு 72, எதிர்ப்பு 35. இந்தியா ஆதரித்தது. அதற்கு ஒரு மாதத்துக்கு முன்னால்தான், அதே சபையில், 1972இல் ஆசியர்களை உகாண்டாவிலிருந்து விரட்டிய இடி அமீன் இஸ்ரேலை ஒழிக்கச் சொல்லிப் பேசினார். 1991 டிசம்பரில் தீர்மானத்தை ரத்து செய்தபோது, அதற்கும் இந்தியாவின் ஓட்டு விழுந்தது! அடுத்த மாதமே இஸ்ரேலோடு முழுத் தூதரக உறவு. பாலஸ்தீனரின் பாடு ஓர் இம்மியும் குறையவில்லை, மாறியது தில்லியின் கணக்கு.

போன வருஷம் ஒரு கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னபோது ஒரு தோழர் எழுந்தார். “நம்ம வீட்டுலயே தீப்பிடிச்சு எரியுது தோழர், யூதனுக்கு எதுக்கு வக்காலத்து? காஸாவுல என்ன நடக்குதுன்னு தெரியாதா?” தெரியும். 2023 அக்டோபரில் ஹமாஸ் நடத்திய கொலைகளும் தெரியும், அதன்பின் காஸாவில் பல்லாயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டதும் தெரியும். பாலஸ்தீன நிலத்தைப் பிடுங்குகிற அரசை எதிர்க்க எனக்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். அதற்குக் கொக்கி மூக்குப் படம் எதற்கு? ஓர் அரசு செய்வதற்கு ஒரு பிறப்பையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நமக்குத் தெரியாத தந்திரமா? சேரிப் பையன் ஒருவன் காதலித்தால் சேரியையே கொளுத்துகிறவன் பேசுகிற நியாயம்தானே இது?

‘சாதி இனமல்ல’ என்று நமக்குப் பாடம் எடுக்கிறார்களே, யூதர் மட்டும் இனமா? 1935இல் நாஜிகள் போட்ட நியூரம்பெர்க் சட்டம் ரத்தத்தைச் சோதிக்கவில்லை, பாட்டன் பாட்டியை எண்ணியது. நால்வரில் மூவர் யூதரென்றால் நீ யூதன், எந்தக் கோயிலுக்குப் போனாலும். எடித் ஸ்டைன் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1922இல் ஞானஸ்நானம் பெற்று, கன்னியாஸ்திரீ ஆனவர். 1942இல் நெதர்லாந்துக் கத்தோலிக்க ஆயர்கள் நாஜிகளைக் கண்டித்ததும், பழிக்குப் பழியாக மதம் மாறிய யூதர்களை மடத்திலிருந்தே இழுத்துப் போனார்கள். ஆஷ்விட்ஸில் கொன்றார்கள். மாதா கோயிலுக்குப் போன பிறகும் கல்லறைத் தோட்டத்தில் நடுச்சுவரைப் பார்த்த நம் ஜனங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வெளிநடப்பு செய்தவர்களையும் நான் வாழ்த்தவில்லை. செப்டம்பர் 3இல் அமெரிக்காவும் இஸ்ரேலும் எழுந்து போயின. அடிமை வியாபாரத்துக்கு என்ன ஈடு என்று கறுப்பின மக்கள் கேட்டுக்கொண்டிருந்த நேரம். அமெரிக்காவுக்குக் கதவு வசதியாகத் திறந்தது. அரசுகள் நிறைவேற்றிய இறுதி ஆவணத்தில் யூதப் படுகொலையை மறக்கக் கூடாது என்றும் இருக்கிறது, பாலஸ்தீனரின் துயரம் பற்றியும் இருக்கிறது. அதை யார் படித்தார்கள்?

மன்றத்தின் ஆவணம் வேறு. அதில் யூத வெறுப்பு பற்றி யூதப் பிரதிநிதிகள் வைத்த ஒரு பத்தியை ஓட்டெடுத்து நீக்கினார்கள். அவர்கள் வெளியேறினார்கள். அதே ஆவணத்தில்தான் சாதி பற்றிய நம் பத்திகள் இருந்தன, அரசுகள் எழுதத் துணியாத அழுத்தத்தோடு. மாநாட்டுச் செயலர் மேரி ராபின்சன் அந்த ஆவணத்தை அரசுகளுக்குப் பரிந்துரைக்க மறுத்துவிட்டார். நம் பத்திகளும் அதோடு மூழ்கின. பரிந்துரைத்திருந்தாலும் இந்தியா தடுத்திருக்கும், அது தெரிந்ததுதான். ஆனால் தில்லிக்கு அந்தச் சிரமத்தை மிச்சப்படுத்தியது அந்த மைதானம்.

அடுத்த முறை நம் ஆட்கள் ஜெனீவாவுக்கோ நியூயார்க்குக்கோ போகும்போது பக்கத்துக் கடையில் அந்தப் புத்தகம் இருந்தால், எடுத்து உள்ளே போடச் சொல்லிச் சண்டை பிடிக்க வேண்டும். நம் பத்திக்கு அவர்களின் ஓட்டு வேண்டியிருந்தாலும் சரி.