பெரட்டுக் களமும் விமானப் பணிநிரலும்

யந்திரங்களைக் கொள்வனவு செய்தல் வணிகரின் வேலை. கல்லூரி மலரொன்றில் அதற்கு இடமென்ன என வினவுவார் உளர். ஆயின், மனிதரின் உழைப்பையும் ஓய்வையும் பங்கிடும் யந்திரமொன்றைத் தெரிதல் வெறும் கொள்வனவு அன்று. அது நீதி பற்றிய தீர்ப்பாகும். விமானக் கம்பனிகள் தம் பறப்புகளையும் சிப்பந்திகளையும் நிருவகித்தற்குத் தெரியும் மென்பொருள் அத்தகையதே. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களிற் பிறந்து, கல்வியின் பொருட்டு இக்கல்லூரியை வந்தடைந்த எம்மனோர்க்கு இப்பொருள் முற்றிலும் புதியதுமன்று.

தோட்டத்திலே பொழுது விடியும் வேளையிற் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடுவர். எவர் எந்த மலையிற் கொழுந்து எடுப்பது, எவர் பால் வெட்டுவது, எவர் புல் வெட்டுவது என்பன அங்கே தீர்மானமாகும். செக்றோலிற் பேர் விழுந்தாற்றான் அன்றைய சம்பளம். அளவு குறைந்தால் அரைப்பேர். இரவு பெய்த மழையில் றப்பர் மரங்கள் நனைந்திருந்தாற் பால் வெட்டு நின்றுபோம். நிரல் முழுவதையும் அக்கணமே மாற்றியாக வேண்டும். வெயில் நாளிற் பெரட்டு எடுத்தல் எவர்க்கும் எளிது. மழை நாளிலேதான் கணக்கப்பிள்ளையின் திறமையும் நேர்மையும் ஒருங்கே வெளிப்படும்.

விமானக் கம்பனியின் நிலையும் இதுவேயாம். அங்கு வேலை மூன்று படிகளில் நிகழும். பறப்புகளைக் கோத்து, ஒரு தளத்திற் புறப்பட்டு அதே தளத்துக்கு மீளும் தொடர்களாக அமைத்தல் முதற்படி. அத்தொடர்களை விடுமுறை, பயிற்சி, அனுமதிப்பத்திரம், ஓய்வு ஆகியவற்றைக் கருதி இன்னார்க்கு இன்னதெனப் பகிர்தல் இரண்டாம் படி. புயலோ பழுதோ நேரும்போது யாவற்றையும் மீள ஒழுங்கு செய்தல் மூன்றாம் படி. சென்னையில் ஒரு விமானம் தாமதித்தால், அதன் விமானிக்குச் சட்டம் அனுமதித்த கடமை நேரம் முடிந்துவிடக்கூடும். அதனாற் கட்டுநாயக்காவிலிருந்து புறப்பட வேண்டிய அடுத்த பறப்பு ஆளின்றி நிற்கும். ஒரு மாற்றம் பத்து மாற்றங்களை ஈனும். விற்பனையாளர் காட்டும் அழகிய திரைகள் பெரும்பாலும் முதலிரண்டு படிகளைச் சார்ந்தவை; கம்பனியின் மானம் காக்கப்படுவதோ மூன்றாம் படியிலே.

இதற்குச் சான்றுகள் பல. ஐக்கிய அமெரிக்காவின் கொமெயர் கம்பனியின் சிப்பந்தி நிரல் மென்பொருள் ஒரு மாதத்தில் ஏறக்குறைய 32,000 மாற்றங்களுக்கு மேல் ஏற்கவியலாத வகையில் எழுதப்பட்டிருந்தது. 2004 டிசெம்பரிற் பனிப்புயல் வீச, மாற்றங்கள் குவிந்து அவ்வெல்லை தாண்டிற்று. நத்தார் தினத்தன்று ஏறக்குறைய 1,100 பறப்புகள் நின்றுபோயின. 2022 டிசெம்பரில் அந்நாட்டின் சவுத்வெஸ்ட் கம்பனிக்கு இதனிற் பெரிய இடர் வந்தது. தன் சிப்பந்திகள் எந்நகரில் உளர் என்பதையே கம்பனி அறியாது தவித்தது. அவர்களோ தாம் இருக்குமிடத்தைத் தெரிவிக்கத் தொலைபேசியில் நெடுநேரம் காத்திருந்தனர். 16,000க்கு மேற்பட்ட பறப்புகள் இரத்தாயின. 20 இலட்சம் பயணிகள் அல்லலுற்றனர். மறு ஆண்டு அரசாங்கம் விதித்த தண்டம் 14 கோடி டொலர்.

நமக்கு அண்மையதோ 2025 டிசெம்பரில் இந்தியாவில் நிகழ்ந்தது. 2024 செப்டெம்பர் தொடக்கம் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்குமிடையே பறக்கும் இண்டிகோ கம்பனியே அங்கு இடருற்றது. விமானிகளின் வாராந்த ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி, இரவில் தரையிறங்கும் தடவைகளையும் குறைத்த புதிய விதிகள் நவம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. விதிகள் வருமென்பது நெடுநாள் முன்பே தெரிந்திருந்தது. எனினும் டிசெம்பர் 3 முதல் 5 வரையான மூன்று நாட்களில் மாத்திரம் 2,507 பறப்புகள் இரத்தாயின. அளவு கடந்த சிக்கனமும், மென்பொருள் உறுதுணையின் குறைபாடும், நிருவாகத்தின் தவறும் காரணங்களென விசாரணை கண்டது. முடிவில் நிகழ்ந்தது யாது? சேவையை மீட்கும் பொருட்டு அவ்விதிகளிற் சில தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டன. கம்பனியின் ஆயத்தக் குறைவுக்கு விமானியின் ஓய்வே விலையாயிற்று.

யந்திரத்தை நாம் பழிக்கவில்லை. அதற்கு முகத்தாட்சிணியம் இல்லை. வேண்டியவர் வேண்டாதவர் என்ற பேதம் அறியாது. ஆயின் எதனைக் குறைக்கச் சொன்னோமோ அதனையே அது குறைக்கும். செலவை மாத்திரம் குறைக்கச் சொன்னால், சட்டம் அனுமதிக்கும் கடைசி நிமிடம் வரை மனிதனைப் பிழிந்தெடுக்கும்; மாற்றாளே இல்லாத நிரலைச் சிறந்த நிரலென்று கொணர்ந்து வைக்கும்.

ஆதலின் தெரிவோர் நான்கினை நோக்குதல் வேண்டும் என்பது எமது கருத்து. முதலாவது, சென்ற ஆண்டுகளின் மிகக் கொடிய நாளொன்றின் கணக்கை அம்மென்பொருளிடம் கொடுத்துச் சோதித்தல். இரண்டாவது, ஓய்வு விதிகள் மாறுங்கால் காலதாமதமின்றி அவற்றை ஏற்கவல்லதாயும், பணிப் பொறுப்பாளர் தம் விருப்பப்படி மீறவியலாததாயும் அஃது இருத்தல். மூன்றாவது, தரவுகள் கம்பனியின் உடைமையாதலும், யந்திரம் நின்ற வேளையிற் கையால் நடத்தவல்லோர் சிலரைப் பயிற்றி வைத்தலும். நான்காவதே தலையாயது: தெரிவுக் குழுவிலே விமானிகளும் பணிப்பெண்களும் அமர்தல். தன் பேர் ஏன் அங்கு விழுந்தது, ஏன் விழவில்லை என வினவும் உரிமை அவர்க்கு உண்டு. அவ்வுரிமையின்றிக் களத்தில் நின்ற தலைமுறைகளின் வழிவந்த நாம் இதனை வற்புறுத்தாதிருத்தல் தகாது.

வறிய நாடு இத்தனை செலவைத் தாங்குமா என்பர் சிலர். 1947 டிசெம்பரில் எயார் சிலோனின் முதற் பறப்பு இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குச் சென்றது. 1979இல் எயார் லங்கா தோன்றிற்று. அதன் வழிவந்த சிறீலங்கன் கம்பனி நட்டத்தில் உழல்வதை யாவரும் அறிவர். 2022இன் பொருளாதார நெருக்கடியின் பின் விமானிகள் பலர் பிறநாடு சென்றனர். உண்மையே. ஆள் குறைந்த இடத்திலேதான் நிரல் இறுகும். இறுகிய நிரலிலேதான் சோர்வு பெருகும். 1974 டிசெம்பர் 4ஆம் நாள், யாத்திரிகரை ஏற்றிவந்த மார்டின்எயார் விமானம் ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேரும் மாண்டனர். அது சோர்வால் நேர்ந்ததெனக் கூற நாம் முற்படவில்லை. விமானி அறையில் நேரும் ஒரு தவறு எத்துணை உயிர்களைக் கொள்ளும் என்பதை மலைநாட்டார் அன்று கண்ணாரக் கண்டனர். ஓய்வுக்குச் செலவிடும் பணம் வீண் செலவாகாது.

மாணாக்கரே, கணினித் துறையை நாடுவோர் உங்களிற் பலர். திருவனந்தபுரத்தில் 1997இல் தோன்றிய ஐ.பி.எஸ். நிறுவனம் இன்று விமானக் கம்பனிகள் பலவற்றுக்கு மென்பொருள் ஆக்குகின்றது. நம் பிள்ளைகளுக்கும் அது இயலாததன்று. அதற்குக் கணிதத்தைக் கசடறக் கற்றல் வேண்டும். அத்துடன், நிரலில் வரும் ஒவ்வோர் இலக்கத்தின் பின்னும் உறக்கமும் பசியும் உடைய ஒருவர் நிற்கின்றார் என்பதை மறவாதிருத்தல் வேண்டும். தோட்டத்திலிருந்து வந்த மாணவனுக்கு இவ்வறிவைப் புகட்ட வேண்டியதில்லை; அவன் தாயின் பேர் செக்றோலில் இருக்கின்றது. அவ்வறிவைத் தொழிலுக்குள்ளும் கொண்டு செல்லுங்கள். கல்லூரி உங்களிடம் வேண்டும் விழாக் காணிக்கை அதுவே.