கம்பியும் பேட்டரியும் போதும், நாமும் பேசலாம்!



மாமியார் பிரச்னை, பிள்ளைகள் படிப்பு, தங்கம் விலை என்று இந்தப் பகுதியில் நாம் பேசாத விஷயம் இல்லை. ஆனால் பொழுதுபோக்கு என்று வந்தால் தையல், எம்பிராய்டரி, மாடித் தோட்டம், இதைத் தாண்டி யாரும் எழுதுவதில்லை. நான் ஹாம் ரேடியோவைப் பற்றி எழுதுகிறேன். "இவளுக்கு ஏன் இந்த வேலை?" என்று சிரிக்காமல் கொஞ்சம் படியுங்கள்.

ஹாம் ரேடியோ என்றால் பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை. அரசாங்கம் வைக்கும் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவர்கள், சொந்தமாக ஒயர்லெஸ் செட் வைத்து ஊர் விட்டு ஊர், நாடு விட்டு நாடு பேசிக்கொள்வது. நடுவில் டெலிபோன் கம்பியும் கிடையாது, செல்போன் டவரும் கிடையாது. இதில் வியாபாரம் பேசக் கூடாது, காசு வாங்கக் கூடாது. நம் தமிழ்நாட்டுக்கு இது புதுசும் இல்லை. 1924-லேயே சென்னையில் சி.வி.கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கி, ஆர்வலர்களே ஒலிபரப்பு நடத்தியிருக்கிறார்கள். ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை. பின்னால் ராஜீவ் காந்தியும் இந்த லைசென்ஸ் வைத்திருந்தார். சோனியா காந்திக்கும் தனியாக ஒரு அழைப்புக் குறி இருந்தது.

"அதெல்லாம் பெரிய இடம், நமக்கெதுக்கு?" என்பவர்களுக்கு பாரதி பிரசாத் கதையைச் சொல்கிறேன். அப்போது டெல்லியில் இருந்த இல்லத்தரசிதான் அவர். 2004 டிசம்பரில் ஹைதராபாத் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் குழுவோடு அந்தமான் போர்ட் பிளேருக்கு செட்டும் ஆன்டெனாவும் எடுத்துக்கொண்டு போனார். பல வருஷமாக அந்தமானிலிருந்து யாரும் ஹாம் ரேடியோவில் பேசியதில்லை என்பதால், உலகம் முழுக்க உள்ள ஹாம்கள் அவர் குரலுக்காகக் காத்துக் கிடந்தார்களாம். டிசம்பர் 26-ம் தேதி பூமி ஆடியது, கடல் பொங்கியது. டெலிபோன்கள் ஊமையாகிவிட்டன. பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன அதே செட்டில் உட்கார்ந்து, யார் யார் பத்திரமாக இருக்கிறார்கள் என்ற செய்திகளை ராப்பகலாக வெளியூருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார் அந்த அம்மா. ஓடிப்போய் ஊருக்கு ஃபிளைட் பிடிக்கவில்லை.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதன் அருமை புரியும். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்ததை மறக்க முடியுமா? ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. கரண்டுக் கம்பங்கள் ஒடிந்து, பல கிராமங்களில் வாரக்கணக்கில் இருட்டு. செல்போனில் சார்ஜும் இல்லை, சிக்னலும் இல்லை. வெளியூரில் இருக்கும் மகனுக்கு "நாங்க உசுரோட இருக்கோம்ப்பா" என்று ஒரு வார்த்தை சொல்ல, டூவீலரில் டவரைத் தேடி அலைந்தவர்கள் எத்தனை பேர்! அந்த நேரத்தில் ஊருக்கு ஒரு வீட்டில் பேட்டரியில் ஓடும் ஒரு செட்டும், அதை இயக்கத் தெரிந்த ஒரு ஆளும் இருந்திருந்தால்? இயக்கத் தெரிந்த ஆள் என்பதைத்தான் அழுத்திச் சொல்கிறேன். செட்டைக் கடையில் வாங்கலாம், பழக்கத்தை வாங்க முடியாது. அது சும்மா இருக்கும் நாளிலேயே வெளியில் போய்ப் போய் வர வேண்டியது.

எங்கள் வீட்டில் கொழுந்தனாருக்கு லைசென்ஸ் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாருமாகக் கண்மாய்க் கரைக்குப் போய்விடுவோம். சுமை என்று பார்த்தால் சின்ன டிபன் பெட்டி அளவு செட், 12 வோல்ட் பேட்டரி, நூல்கண்டு மாதிரி சுற்றிய ஒயர், அவ்வளவுதான். ஒரு கயிற்றில் கல்லைக் கட்டிப் புளியமரக் கிளையில் வீசி, ஒயரின் நடுப்பகுதியை மேலே இழுத்து, இரண்டு முனைகளையும் கூடாரம் போலச் சரித்துக் கட்டிவிடுவார். 40 மீட்டர் அலைவரிசைக்குப் பக்கத்துக்குப் பத்து மீட்டர் ஒயர் வேண்டும். (புளியங்காய் அடித்துப் பழகிய கை எனக்கு. கல்லைக் குறி பார்த்து வீசுவதில் கொழுந்தனாரைவிட நானே கெட்டி!) கருவேல மரத்தில் மட்டும் கட்டாதீர்கள், முள்ளும் குத்தும், கயிறும் சிக்கும்.

வீட்டிலேயே பேசலாமே என்று நானும் கேட்டிருக்கிறேன். வீட்டில் எல்.ஈ.டி. பல்பு, இன்வெர்ட்டர், பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாம் சேர்ந்து ரேடியோவில் ஒரே இரைச்சல். கண்மாய்க் கரையில் அந்தத் தொல்லை இல்லாததால், தூரத்தில் முனகுகிற குரல்கூடத் தெளிவாகக் கேட்கிறது. பகலில் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா என்று பக்கத்து ஊர்களே கிடைக்கும். பொழுது சாய்ந்தால் வெளிநாட்டுக் குரல்கள் வர ஆரம்பிக்கும். உயரே வானத்தில் உள்ள அயனி மண்டலம் அலைகளைத் திருப்பி அனுப்புவதால் இப்படி. ஒன்பதாவது படிக்கும் என் மகள் யாரிடம், எத்தனை மணிக்கு, எந்த அலைவரிசையில் பேசினோம் என்று நோட்டில் குறிக்கிறாள். உலகம் முழுக்க ஒரே கணக்கு என்பதால் நம் நேரத்தில் ஐந்தரை மணியைக் கழித்து எழுத வேண்டும். பூகோளப் பாடத்தில் தூங்கிய பெண், இப்போது அட்லஸை விரித்து வைத்துக்கொண்டு ஊர் தேடுகிறாள்.

நார்த்தாமலை, திருமயம் என்று மலைக்கும் கோட்டைக்கும் நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை. உயரமான இடத்தில் நின்றால் கையடக்க செட்டின் பேச்சும் வெகு தூரம் போகும். ஆனால் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் அனுமதி இல்லாமல் கம்பி கட்டக் கூடாது. எங்கே போனாலும் லைசென்ஸ் நகல் கையில் இருக்கட்டும். கம்பியும் செட்டுமாக நான்கு பேர் நின்றால் யாராவது வந்து விசாரிக்கத்தான் செய்வார்கள். விசாரிக்க வந்தவரையே ஹெட்போனை மாட்டிக் கேட்கச் சொன்னால், அரை மணி நேரம் நகர மாட்டார்!

இப்போது ஒரு மனக்குறையும் சொல்லவேண்டும். ஹாம்களின் பாஷையில் எந்த வயதுப் பெண்ணாக இருந்தாலும் 'ஒய்.எல்.' அதாவது 'யங் லேடி'தான். எண்பது வயதுப் பாட்டியும் யங் லேடி என்பது சந்தோஷமான விஷயம்தான். ஆனால் அப்படிக் கூப்பிடப் பெண்கள் எத்தனை பேர் இருக்கிறோம்? மகளோடு நான் கேட்டவரை நூற்றுக்கு ஒரு பெண் குரல் வந்தாலே அதிகம். புதிதாக ஒருவர் தயங்கித் தயங்கிப் பேசினால், அனுபவஸ்தர்கள் சிலர் சட்டென்று குறை சொல்லிவிடுகிறார்கள். அந்தக் குரல் மறுபடி வருவதே இல்லை. முதல் தடவை மைக் பிடிக்கிறவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும். "உங்கள் குரல் நன்றாகக் கேட்கிறது, நிதானமாகப் பேசுங்கள்" என்று சொல்ல என்ன செலவாகிவிடும்? பெரியவர்கள் மாதம் ஒருமுறை பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் செட்டை வைத்து, பெண் பிள்ளைகளை வரிசையில் முன்னால் நிறுத்தி ஹெட்போன் கொடுக்கட்டும். நம் பங்குக்கு நாமும், "பொம்பளைப் பிள்ளைக்குக் கரண்டு வேலை எதுக்கு?" என்கிற பேச்சை விட வேண்டும்.

ஆர்வமுள்ளவர்களுக்கு: 12 வயது ஆனாலே பரீட்சை எழுதலாம். அடிப்படை எலக்ட்ரானிக்ஸும் ஒயர்லெஸ் விதிமுறைகளும்தான் பாடம். பத்தாவது படித்த நானே இப்போது ராத்திரி அடுப்படி வேலை முடித்து ஓம் விதியைப் படித்துக்கொண்டிருக்கிறேன், புரிகிறது. கீழ்நிலை லைசென்ஸுக்கு மோர்ஸ் தட்டத் தெரிய வேண்டியதில்லை. மேல்நிலைக்கு அதுவும் வேண்டும். கையடக்க செட் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும். உலகம் சுற்றும் செட் விலை அதிகம், அதை நாலு பேர் சேர்ந்து பயன்படுத்துகிற கிளப்பில் பார்த்துக்கொள்ளலாம். ஆன்லைனில் மலிவாக வாக்கி டாக்கி வாங்கி லைசென்ஸ் இல்லாமல் ஹாம் அலைவரிசையில் பேசுவது குற்றம், பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். பேசத்தான் அவசரம் வேண்டாம். வெப் எஸ்.டி.ஆர். என்ற இணைய வசதியில், செல்போனிலேயே ஹாம்கள் பேசுவதைக் கேட்டுப் பழகலாம்.

அடுத்து மணமேல்குடி கடற்கரைக்குப் போவதாக இருக்கிறோம். உப்புத் தண்ணீர் பக்கத்தில் இருந்தால், நட்டுக்குத்தாக நிறுத்திய ஆன்டெனா நன்றாக வேலை செய்யுமாம். இதுபோல உங்கள் ஊர்க் கரையிலோ திடலிலோ கம்பி கட்டிக்கொண்டு யாராவது உட்கார்ந்திருந்தால், தயங்காமல் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் என்னவென்று கேளுங்கள். எங்களிடம் வந்தால் ஹெட்போனும் உண்டு, புளியோதரையும் உண்டு.

- ஒரு வாசகி, ஆலங்குடி, புதுக்கோட்டை மாவட்டம்.