குற்றவியலையும் சமூகவியலையும் ஒருங்கே கற்பிக்க வேண்டிக் கோரிக்கை மனு

பெறுநர்: கல்வி அமைச்சின் உயர்கல்விப் பிரிவு அதிகாரிகள் மற்றும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் நிர்வாகத்தார் சமூகத்திற்கு.



தேக்கா வட்டாரத்தில் கடை வைத்திருப்போரும், ஆசிரியப் பணி புரிவோரும், பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியிருக்கும் பெற்றோரும் அங்கம் வகிக்கும் எங்கள் சங்கம், குற்றவியலும் சமூகவியலும் சமபங்குடன் இணைந்த முழுமையான பட்டப்படிப்பு ஒன்று சிங்கப்பூரின் சர்வகலாசாலைகளில் நிலைபெற வேண்டும் என்னும் கோரிக்கையைத் தங்கள் மேலான பரிசீலனைக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறது. சமூகவியல் இந்நாட்டிற்குப் புதிய சாஸ்திரமன்று. 1965ஆம் ஆண்டிலேயே அதற்குத் தனித்துறை கண்ட நகரம் இது. குற்றம் பற்றிய பாடங்களும் சமூகவியல் துறைகளில் போதிக்கப்பட்டே வருகின்றன. ஆயினும், ஒரு பருவத்தில் ஒரு பாடமாகக் கேட்டுச் செல்வதும், இரு சாஸ்திரங்களையும் முதலாண்டு தொட்டு இறுதியாண்டு வரை ஒன்றையொன்று வினவும்படி வைத்துக் கற்பதும் ஒன்றாகா என்பது எங்கள் அபிப்பிராயம்.

வியாபாரிகளும் பெற்றோரும் நிறைந்த சங்கம் இவ்விஷயத்தில் மனுச் செய்வானேன் என்ற ஐயம் தங்களுக்கு எழக்கூடும். 2013ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷயர் சாலையும் கூடும் இடத்தில் இந்தியத் தொழிலாளி ஒருவர் பேருந்தின் சக்கரத்தில் சிக்கி உயிரிழந்ததும், அதைத் தொடர்ந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்நாடு கண்டிராத கலவரம் மூண்டதும் எங்கள் வட்டாரத்தின் வாசலில் நிகழ்ந்தவை. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையில் அரசாங்கம் நியமித்த விசாரணைக் குழு, விபத்து, தவறான புரிதல், மது, கூட்டத்தின் மனப்போக்கு எனக் காரணங்களை நிதானத்தோடு பகுத்து, 2014 ஜூனில் அறிக்கை வெளியிட்டது. 2015 ஏப்ரலில் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் அமலுக்கு வந்து, எங்கள் வட்டாரமாகிய லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் கட்டுப்பாட்டு வட்டாரங்களாயின. அக்குழுவின் உழைப்பை நாங்கள் மதிக்கிறோம். எனினும், முன்னாள் நீதிபதி, முன்னாள் காவல்துறைத் தலைவர், தொழிற்சங்கத் தலைவராய் இருந்தவர், வட்டாரக் குழுவில் தொண்டாற்றியவர் என நால்வராய் அமைந்த அதில், சமூகத்தை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட அறிஞர் ஒருவருக்கு இடமில்லாமற் போயிற்று. ஊருக்குப் பணம் அனுப்பவும், ஊர்க்காரரைச் சந்திக்கவும், வாய்க்கு ருசியாக ஒருவேளை உண்ணவும் ஞாயிறுதோறும் தேக்காவில் திரளும் வெளிநாட்டுத் தொழிலாளரின் வாழ்க்கை, அவர்களது அச்சம், ஒருவர் சொல்லை மற்றவர் நம்பும் விதம் இவற்றையெல்லாம் கலவரம் நடந்தபின் சாட்சிக் கூண்டில் கேட்டறிவதினும், அமைதியான நாட்களிலேயே இடைவிடாது ஆராய்ந்துவரும் ஒரு மாணவர் பரம்பரை நமக்கு வேண்டும்.

சமூகத்தைப் பாராமல் குற்றத்தை மட்டும் பார்க்கும் அறிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழர் அனுபவித்தே அறிந்தவர்கள். 1871இல் ஆங்கிலேயர் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911க்குப் பின் சென்னை மாகாணத்திலும் செயற்பட்டு, தொட்டிலில் கிடக்கும் சிசுவையும் குற்றவாளிக் குலத்தில் சேர்த்தது. கைரேகைப் பதிவுக்கு இணங்க மறுத்த பெருங்காமநல்லூர்ப் பிரமலைக் கள்ளர் மீது 1920 ஏப்ரல் 3ஆம் தேதி துப்பாக்கிப் பிரயோகம் நடந்து, மாயக்காள் என்னும் பெண்மணி உள்ளிட்ட 16 பேர் மாண்டனர். அச்சட்டத்தை நடத்தியவர்களிடம் பதிவேடுகள் இருந்தன, கைரேகைகள் இருந்தன; ஊர்க்காவல் உரிமையை இழந்த ஒரு குடி எவ்வாறு பிழைக்கும் என்ற கேள்வி மாத்திரம் இருக்கவில்லை.

அத்தகைய கேள்வியைக் கேட்டவர்களும் உலகில் உண்டு. கிளிஃபர்ட் ஷா, ஹென்றி மெக்கே என்னும் இருவர் சிகாகோ நகரைப் பேட்டை பேட்டையாக ஆராய்ந்து, குடியேறிய இனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறியபோதும் சில பேட்டைகளில் மட்டும் இளையர் குற்றம் தணியாமல் நின்றதை 1942இல் நூலாக எழுதி, அதன் வேர் இனத்தில் இல்லை, வாழுமிடத்தின் நிலைமைகளில் இருக்கிறது என்று நிறுவினர். இனவாரியான குற்றப் புள்ளிவிவரங்கள் பேசப்படும் போதெல்லாம் மனம் குன்றும் எங்கள் இளைஞர், அவ்விவரங்களைத் தாமே ஆராய்ந்து விளக்கும் தகுதியைப் பெற வேண்டும் என்பது எங்கள் தீராத ஆவல்.

இப்படிப்புக்குச் சிங்கப்பூரைவிடச் சிறந்த களம் அரிது. 1825 முதல் 1873 வரை இத்தீவு இந்தியக் கைதிகளை நாடு கடத்தி வைக்கும் இடமாக இருந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இன்றைய இஸ்தானா மாளிகையும் அவர்கள் உழைப்பில் எழுந்தவை. கைதிகளிலிருந்தே கைதிகளுக்குக் காவலரைத் தெரிந்தெடுத்த முறையை, அச்சிறையை நிர்வகித்த மெக்நேர் 1899இல் நூலாக்கினார். விடுதலை பெற்றோரில் பலர் இங்கேயே குடும்பம் அமைத்து ஜனங்களோடு கலந்தனர். அதே நாட்டில், ரகசியச் சங்கத்தாரை உழைப்பினால் திருத்தும் உயர்ந்த நோக்கத்தோடு 1960இல் புலாவ் செனாங் தீவில் தொடங்கிய குடியிருப்பு, 1963 ஜூலை 12ஆம் தேதிக் கலகத்தில் கண்காணிப்பாளர் டேனியல் டட்டன் கொல்லப்பட்டதோடு அழிந்தது. 1965இல் 18 பேர் தூக்கிலிடப்பட்டனர். உழைப்பு இரண்டிடத்தும் இருந்தது. முன்னதில் மனிதர் குடிமக்களானதற்கும் பின்னதில் கொலை நிகழ்ந்ததற்கும் காரணம் தேடுவோர், தண்டனைச் சட்டத்தோடு நில்லாமல், விசுவாசம், மானம், தலைமை, விடுதலை பற்றிய நம்பிக்கை ஆகியவற்றையும் ஆராய்ந்தே தீரவேண்டும்.

ஆகவே, இருதுறைப் பாடங்களும் சரிபாதி பெறும் நான்காண்டு கௌரவப் பட்டப்படிப்பை வகுக்க ஒரு பாடத்திட்டக் குழுவை அமைக்குமாறும், அதில் சிறைத்துறை, காவல்துறை ஆகியவற்றின் அனுபவசாலிகளோடு வெளிநாட்டுத் தொழிலாளர் நலனில் ஈடுபட்டோரும் இடம்பெறச் செய்யுமாறும் வேண்டுகிறோம். நீதிமன்றம், இடைத்தங்கல் இல்லம், தொழிலாளர் விடுதி ஆகிய இடங்களில் ஒரு முழுப் பருவக் களப்பயிற்சி கட்டாயமாக வேண்டும்; அங்கு வாழ்வோரின் சம்மதமும் அந்தரங்கமும் மீறப்படாதிருக்கத் தக்க மேற்பார்வையும் வேண்டும். பேர் நீக்கிய சிறைத்துறை விவரங்கள் ஆராய்ச்சி மாணவருக்குக் கிட்ட உள்துறை அமைச்சோடு பேசி ஏற்பாடு செய்தல் நலம். இவற்றுள் நாங்கள் பெரிதும் வற்புறுத்துவது மொழியைப் பற்றியது: தமிழிலோ வங்காளத்திலோ மனந்திறந்து பேசும் தொழிலாளியை மொழிபெயர்ப்பாளர் வாயிலாக மட்டும் அறிய முயல்வது குறையுள்ள ஆராய்ச்சியாதலால், தமிழ் மொழி இலக்கியப் பட்டப்படிப்பை நடத்திவரும் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தின் துணையோடு, தாய்மொழியில் நேர்காணல் நடத்தும் பயிற்சிக்கு மதிப்பெண் வழங்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியலுக்குத் தனித்துறைகள் உள்ளன. அவற்றோடு மாணவர் பரிமாற்றம் சாத்தியமே. பணியிலிருக்கும் சிறை அலுவலரும் சமூக ஊழியரும் பகுதிநேரமாகப் பயில உபகாரச் சம்பளம் ஒதுக்கவும் கோருகிறோம்.

இவ்விஷயமாக நேரில் விளக்கமளிக்க எங்கள் பிரதிநிதிகள் சித்தமாயிருப்பதால், தங்களுக்கு வசதியான ஒரு நாளில் சந்திக்க அனுமதி தந்து, எழுத்து மூலமாகப் பதில் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
சங்கத்தின் செயற்குழுவினர்,
தேக்கா, சிங்கப்பூர்.