பயணம் அட்டனிலேயே தொடங்குகிறது

வெளிநாட்டு விமானத்தில் ஏறவிருப்பவர் மூன்று மணி நேரம் முன்னதாகவே கட்டுநாயக்கவுக்கு வந்துசேர வேண்டும் என்று பயண முகவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்லி அனுப்புகிறார்கள். கொழும்பில் குடியிருப்பவருக்கு இந்த உபதேசத்தை அனுசரிப்பது எளிது. 2013-ஆம் ஆண்டில் அதிவேகப் பாதை திறக்கப்பட்ட பின்னர், காலை ஆகாரத்தை முடித்துக்கொண்டே அவர் சாவகாசமாகப் புறப்படலாம். பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ உள்ள ஒரு தோட்டத்திலிருந்து காலை விமானத்துக்குப் போக வேண்டியவருக்கோ அது முதல் நாள் மாலையிலேயே ஆரம்பமாகிவிடுகிற காரியம். லயத்தின் வாசல்வரை வேன் வராத இடமென்றால் பெட்டிகளைத் தலைச்சுமையாகப் பெருவீதிக்குக் கொண்டுவந்து, நோர்வூட், டிக்கோயா வழியாக அட்டனை அடைந்து, அங்கிருந்து வட்டவளை, கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை என்று மலையை முழுவதும் இறங்கித் தீர்த்த பின்னரே அவர் சமதரையைக் காண்கிறார்.

இந்த இறக்கத்தில் நேருகின்ற தாமதம் எவருடைய கணக்கிலும் சேருவதில்லை என்பதே நான் சொல்ல வந்த முறைப்பாடு. விமானம் தாமதித்தால் பிரயாணிக்குப் பேசுவதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. இலங்கையும் ஏற்றுக்கொண்டுள்ள 1999-ஆம் ஆண்டின் மொன்றியல் சமவாயம், தாமதத்தால் விளையும் நஷ்டத்துக்கு, அதைத் தவிர்க்க நியாயமான சகல நடவடிக்கைகளையும் எடுத்ததாக நிரூபிக்காத வரையில், விமானக் கம்பனியே பொறுப்பு என்கிறது. சேதமடைந்த பெட்டியைப் பற்றி ஏழு நாட்களுக்குள்ளும், பிந்தி வந்த பெட்டியைப் பற்றி அது கைக்குக் கிடைத்ததிலிருந்து இருபத்தொரு நாட்களுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும் என்று அது நாளும் குறித்துக் கொடுக்கிறது. பயனுள்ள ஏற்பாடுதான், ஆயின் அதன் பார்வை ஆகாய மார்க்கத்தோடு நின்றுவிடுகிறது. கினிகத்தேனை வளைவில் சரிந்த மண்மேட்டுக்கு இப்பால் மூன்று மணி நேரம் வேனுக்குள் உட்கார்ந்திருந்த குடும்பம், பதிவு மேசை மூடப்பட்ட பத்தாவது நிமிஷத்தில் ஓடிவந்து நின்றால், ஏட்டில் எழுதப்படுவது "பிரயாணி வரவில்லை" என்பது மட்டுமே. மழை, மண், வீதி எல்லாம் சேர்ந்து செய்த பிழை அந்தக் கணத்திலேயே பிரயாணியின் சொந்தப் பிழையாகிவிடுகிறது.

மலையகத்தார் பிரயாணம் போகும் பருவமும் இதற்குத் தோதாகவே அமைந்திருக்கிறது. கார்த்திகையில் மாலை அணிந்து சபரிமலைக்குப் புறப்படும் பக்தர்களும், மார்கழி விடுமுறையில் பிள்ளைகளோடு திருச்சி, பழனி, மதுரை என்று போகிறவர்களும், மலைச்சரிவுகள் நீரைக் குடித்து ஊறிப்போயிருக்கிற அதே மாதங்களில்தான் மலையை இறங்க வேண்டியிருக்கிறது. சித்திரை விடுமுறையில் மண்சரிவுப் பயம் குறைவு; ஆனால் நுவரெலியாவின் வசந்த காலத்தைக் காணக் கீழ்நாட்டார் வாகனங்களோடு மேலே ஏறி வருவதால், இறங்குகிறவர் அந்தப் பவனிக்கு வழிவிட்டு நிற்க வேண்டும். 2025 நவம்பர் பிற்பகுதியில், டித்வா புயல் வருவதற்குச் சில தினங்கள் முன்னரே, பஹல கடுகண்ணாவையில் மண் சரிந்து கொழும்பு–கண்டி வீதி அடைபட்டது. புயலின்போது மலைநாட்டுப் புகையிரதப் பாதையும் பல இடங்களில் சிதைந்துபோயிற்று. அறுநூறுக்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோன அனர்த்தத்தின் நடுவே விமானம் தவறியதைப் பேசுவது அற்பம் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆகையால் அந்த ஆண்டை விட்டுவிட்டு, பத்திரிகையில் இரண்டு வரியோடு முடிந்துபோகும் சாதாரண ஆண்டுகளின் சாதாரண மண்சரிவையே என் வாதத்துக்கு ஆதாரமாகக் கொள்கிறேன்.

"அதுதான் தெரிந்த விஷயமாயிற்றே, ஒரு நாள் முன்னதாகப் புறப்பட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. வத்தளையிலோ கொட்டாஞ்சேனையிலோ உறவினர் உள்ளவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். மற்றவர்களுக்கோ நீர்கொழும்பு விடுதியில் ஐந்து பேர் ஓரிரவு தங்குவது, ஊரில் இறங்கிச் செலவு செய்ய வைத்திருந்த பணத்தை ஊரைக் காணுமுன்பே கரைத்துவிடுகிற செலவு. 2024-இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டபோது அதையே பெருவெற்றியாகக் கொண்டாடிய சமூகம் இது. கொழும்புக் கடையில் வேலை செய்யும் மகனும் ஆசிரியையான மகளும் சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசில், ஆயுளில் முதன்முறையாக விமானம் ஏறப் போகும் தாய் தகப்பனுக்குத் தவறிப்போன பயணச்சீட்டு எத்தனை நாள் கொழுந்துக்குச் சமானம் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. நள்ளிரவில் புறப்பட்டு, நித்திரையில்லாத சாரதியின் துணிச்சலை மட்டும் நம்பி நான்கரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம் என்று நினைக்கிறவர்களை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன்; அவர்களுக்கு விமானம் தவறுவதைவிடப் பெரிய அபாயங்கள் அந்தப் பாதையில் உண்டு.

இதே மலைநாட்டில் பிரயாணத்தை முதலிலிருந்து முடிவுவரை ஒரே காரியமாகக் கருதிய காலம் ஒன்று இருந்தது; ஆனால் அந்த மரியாதை மனிதருக்காக ஏற்பட்டதன்று. கோப்பிக்காகத் தொடங்கிய புகையிரதப் பாதை, கோப்பி நோய்ப்பட்டு மடிந்து தேயிலை தலையெடுத்த சமயத்தில், 1884-இல் அட்டனையும் அடுத்த ஆண்டில் நானுஓயாவையும் எட்டியபோது, ஆலையில் நிரப்பப்பட்ட தேயிலைப் பெட்டி கொழும்புத் துறைமுகத்தில் கப்பலைப் பிடிப்பதே அதன் உத்தேசமாக இருந்தது. பெட்டி தாமதமானால் அதைப் பெட்டியின் பிழை என்று எவரும் சொன்னதில்லை. பின்னர் மனிதருக்கும் அந்தச் சௌகரியத்தில் ஒரு பங்கு கிடைத்தது. 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியதும், சென்னை எழும்பூரிலிருந்து கொழும்புக் கோட்டைவரை புகையிரதமும் கப்பலும் மறுபடி புகையிரதமுமாக ஒரே சீட்டில் பிரயாணம் செய்ய முடிந்தது. அட்டனில் கோச்சி ஏறியவரும் பொல்காவலையில் மாறி அந்தத் தடத்தைப் பிடிக்கலாம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதே ஆண்டில் கைச்சாத்தான ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர், உறவுகளைப் பிரித்துக்கொண்டு தலைமன்னாருக்குப் போன வண்டிகளை மலையகத்தார் அழுகைக் கோச்சி என்றே அழைத்தார்கள். கடல் கடப்பது என்றால் கண்ணீர் என்று அறிந்திருந்த குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் இன்று கண்ணாடி போட்டுக்கொண்டு படம் எடுத்துச் சந்தோஷமாகக் கடல் கடக்கப் போகிறார்கள் என்றால், அந்தச் சந்தோஷத்தை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை.

பரிகாரம் அவ்வளவு கடினமானதன்று. விமான நிலையம் வெள்ளத்தாலோ புயலாலோ முடங்கினால் கம்பனிகள் திகதி மாற்றுக் கட்டணத்தைத் தாமாகவே தள்ளுபடி செய்கின்றன. அட்டன் வீதியோ நுவரெலியா வீதியோ அரசாங்க அறிவித்தலின்படி மூடப்பட்ட நாளிலும், அந்தப் பிரதேசத்து விலாசமுள்ள பிரயாணிக்கு அதே சலுகையை நீட்டலாம். பொய்க் காரணம் சொல்லி ஏமாற்றுவார்களே என்ற ஆட்சேபம் நிற்காது. வீதியை மூடுவது பிரயாணி அன்று, மூடிய நேரமும் திறந்த நேரமும் அதிகாரிகளின் பதிவில் இருக்கும். சபரிமலை யாத்திரையை அங்கீகரிக்கப்பட்ட புனித யாத்திரையாக ஏற்க 2025-இல் அமைச்சரவை இணங்கிய பின்னர், அந்த மாதங்களிலேனும் அட்டனிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் விமான நேரங்களை அனுசரித்து அரசாங்க பஸ் ஒன்று கட்டுநாயக்கவுக்கு நேராகப் போவது அதிகப்படியான கோரிக்கை ஆகாது.

கடவுச்சீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் பெயர் பதிவாகியிருப்பது தோட்டங்களில் சர்வ சாதாரணம். அதைத் திருத்தப் பிரதேச செயலகத்துக்கு நடப்பதிலேயே பலருடைய பிரயாணம் மாதக்கணக்கில் பிந்திவிடுகிறது. 2022 ஜூலையில், நாட்டின் பொருளாதாரம் சரிந்து கிடந்த நாட்களில், பத்தரமுல்லையில் கடவுச்சீட்டுக்காக இரண்டு நாட்களாக வரிசையில் காத்திருந்த மலைநாட்டுப் பெண் ஒருவர் அந்த இடத்திலேயே பிரசவித்தார். அவர் போக நினைத்தது உல்லாசத்துக்கன்று, பிழைப்புக்கு. கண்டியிலுள்ள கிளை அலுவலகத்தோடு திருப்திப்படாமல் நுவரெலியா மாவட்டத்துக்கென ஒன்றைக் கேட்பதற்கு அந்த ஒரு சம்பவமே போதும்.

இவையெல்லாம் நடக்கும் வரையில், பயணக் காப்புறுதி எடுக்கிறவர்கள் செய்துகொள்ளக்கூடியது ஒன்று உண்டு. "விமானம் தவறுதல்" என்ற பிரிவில் பல பத்திரங்கள் பஸ், புகையிரதம் போன்ற பொதுப் போக்குவரத்துத் தடைப்பட்டால் மட்டுமே பணம் தருவதாகச் சிறிய எழுத்தில் சொல்லுகின்றன. நம்மவர்களோ பெரும்பாலும் போவது வாடகை வேனில். வீதி மூடப்பட்டு வேன் நின்றால் அந்தப் பிரிவு பொருந்துமா என்று முகவரிடம் முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே பணத்தைக் கட்டட்டும்.