வியப்பு ஊதியமாகாது: தாமே பயின்ற ஓட்டிச ஓவியரின் தொழில் குறித்து

ஐக்கிய அமெரிக்காவின் சியற்றில் நகரிலுள்ள கழகமொன்றின் சமையற்கூடத்திலே 25 ஆண்டுகளுக்கு மேலாகப் பானை சட்டி கழுவிய தொழிலாளி ஒருவர் 2001ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். கிரெகரி பிளாக்ஸ்ரொக் என்பது அவர் பெயர். 1946இல் பிறந்த அவர் ஓட்டிசம் உடையவர். ஓவியத்தைத் தாமே பயின்றவர். பணியாற்றிய காலத்திலேயே அவர் வரைந்துகொண்டிருந்தார். கழகத்தின் செய்திமடலும் அவர் வரைந்தவற்றை வெளியிட்டது. எனினும் அவரது முதற் கண்காட்சி ஓவியக்கூடமொன்றில் இடம்பெற்றது 2004இலேதான். 2006இல் அவரது படைப்புகள் நூலாயின. 2023இல் அவர் மறைந்தார்.

இவ்வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் ‘என்ன அதிசயம்!’ என்ற வியப்புடனேயே கூறி முடிக்கின்றனர். எமக்கோ இங்கு அதிசயம் எதுவும் தென்படவில்லை. ஒரு வினாவே தென்படுகின்றது. முப்பது வயதிலும் நாற்பது வயதிலும் இம்மனிதர் எங்கிருந்தார்? சமையற்கூடத்தில் இருந்தார். ஓவியக்கூடங்களோ அதே நகரத்தில் இருந்தன. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் ஓட்டிசத்தினால் உண்டானதா, சமூக ஏற்பாட்டினால் உண்டானதா? பிந்தியதே உண்மை என்பதும், வியப்பு, தூய்மை, சிகிச்சை என்னும் மூன்று சொற்கள் அவ்வுண்மையை மறைக்கும் திரைகளாகப் பயன்படுகின்றன என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

முதலில் வியப்பை எடுத்துக்கொள்வோம். 1887இல் ஆங்கில மருத்துவரான லாங்டன் டவுன், அறிவுக்குறைவும் அபூர்வ ஆற்றலும் ஒருவரிடமே சேர்ந்திருக்கும் நிலையைக் குறிக்க ‘மூடமேதை’ என்று பொருள்படும் தொடரொன்றை வழங்கினார். அத்தொடர் இன்று நாகரிகங் கருதிக் கைவிடப்பட்டுள்ளது; அதன் பின்னின்ற நோக்கு கைவிடப்படவில்லை. இலண்டனைச் சேர்ந்த ஸ்ரீபன் வில்ற்ஷயர் 2005இல் டோக்கியோ நகரின் மேலாக ஹெலிகொப்ரரில் சிறிது நேரம் பறந்தபின், ஏறத்தாழ 10 மீற்றர் நீளமான பரப்பில் அந்நகரை நினைவிலிருந்து வரைந்தார். உலகம் அவரது நினைவாற்றலைப் புகழ்ந்தது. கட்டடங்களையும் சாளரங்களையும் எண்ணிச் சரிபார்த்தது. கோட்டின் வேகம் எவ்வாறு மாறுகின்றது, எதனை நுணுக்கமாக வரைகின்றார், எதனைக் குறிப்பாக விடுகின்றார், தூரத்தையும் அண்மையையும் எவ்வாறு பிணைக்கின்றார் என்ற வினாக்களை எழுப்பியோர் சிலரே. ஓவியரிடம் கேட்கவேண்டியதைக் கேளாது, ஒளிப்படக் கருவியிடம் கேட்கவேண்டியதை அவரிடம் கேட்டனர். ஒளிப்படக் கருவிக்கு எவரும் ஊதியம் வழங்குவதில்லை என்பதையும் இவ்விடத்து நினைவிற்கொள்ளல் வேண்டும்.

இவ்வியப்பினால் விளையும் மற்றொரு தீங்கும் உண்டு. ஓட்டிசமுடையோருள் இத்தகைய அபூர்வ ஆற்றல் வாய்த்தோர் சிறு பகுதியினரே. நிதானமாகக் கற்று, தவறி, திருத்தி, ஆண்டுகள் செல்லச் செல்ல மேம்படும் சாதாரண ஓவியராக வாழ விரும்பும் ஓட்டிசமுடைய இளைஞருக்கு இவ்வியப்பு கதவைத் திறப்பதில்லை, அடைக்கின்றது. ‘நீ அற்புதம் எதுவும் செய்யவில்லையே’ என்று அவரைத் திருப்பி அனுப்புகின்றது. ஏனைய ஓவியருக்குள்ள சுமாரான படம் வரையும் உரிமை இவருக்கு மட்டும் மறுக்கப்படுகின்றது.

இரண்டாவது திரை தூய்மை என்பதாகும். பிரெஞ்சு ஓவியரான ஜான் டுபுஃபே 1945இல் ‘செப்பமுறாக் கலை’ என்று பொருள்படும் பெயரொன்றை வழங்கி, கல்லூரி காணாதோரின் படைப்புகளைத் திரட்டலானார். அத்திரட்டு 1976 முதல் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் தனி நூதனசாலையாக இயங்கி வருகின்றது. 1972இல் ரொஜர் கார்டினல் என்னும் விமர்சகர் ‘புறத்தார் கலை’ என்ற கருத்தில் ஆங்கிலப் பெயரொன்றை நூலின் தலைப்பாக்கினார். அழிந்துபோகவிருந்த எத்தனையோ படைப்புகளை இவ்வியக்கம் காத்தது. அந்நன்றியை மறுப்பது நேர்மையன்று. ஆனால் அதன் தத்துவம் எமக்கு உடன்பாடானதன்று. பண்பாடு தீண்டாத உள்ளத்திலிருந்தே உண்மைக் கலை ஊற்றெடுக்கும் என்றது அத்தத்துவம். இதனைக் கூறிய டுபுஃபே, கலைப்பள்ளி வாசலை மிதித்துவிட்டு வந்தவர். குடும்பத்து மது வணிகத்தை நடத்தியவர். விலை, விற்பனை, புகழ் ஆகியவற்றின் போக்கை அறிந்தவர். தீண்டப்படாமல் இருக்கவேண்டியவர் எப்போதும் மற்றவரே.

இத்தத்துவத்தின் ஆதரவாளர் அடிக்கடி எடுத்துக்காட்டும் உதாரணம் நாடியா என்னும் ஆங்கிலச் சிறுமியாவாள். 1967இல் பிறந்த அவள் பேச்சு வாய்க்குமுன்னரே குதிரைகளையும் குதிரைவீரரையும் வியத்தகு உயிர்ப்புடன் வரைந்தாள். உளவியலாளர் லோர்னா செல்ஃப் 1977இல் அவளைப் பற்றி நூலொன்றை வெளியிட்டார். மொழி வளர வளர அவளது ஓவிய ஆற்றல் குன்றியதாகக் கூறப்பட்டது. இதிலிருந்து, ‘கற்பித்தால் கலை அழியும்; ஆகவே கற்பிக்காதீர்’ என்ற விதியைச் சிலர் வகுத்துக்கொண்டனர். ஒரு குழந்தையின் வாழ்விலிருந்து விதி பிறப்பதில்லை. விதியொன்று வேண்டுமென்பார் வில்ற்ஷயரையும் கணக்கிற் கொள்ளவேண்டும். சிறுவயதில் பேசாதிருந்த அவரும் பின்னர் மொழியைக் கற்றார். இலண்டனில் ஓவியக் கல்லூரியொன்றிலும் பயின்றார். அவரது கை ஓய்ந்துவிடவில்லை. பேச்சு ஓவியத்தைக் கொல்லவில்லை, கல்லூரியும் கொல்லவில்லை.

‘தாமே பயின்றவர்’ என்ற தொடரையும் இவ்விடத்து ஆராயவேண்டும். இது பெருமைக்குரிய பட்டமாகவே வழங்கப்படுகின்றது. ஆயின், இரைச்சல் மிகுந்த வகுப்பறை, நேர்முகத் தேர்வு, கண்ணைப் பார்த்துப் பேசவேண்டிய கட்டாயம், திடீரென மாறும் நேரசூசி ஆகியவற்றைக் கொண்டு கதவைச் சாத்திவிட்டு, வெளியே நின்று கற்றவரைப் பார்த்து, ‘எவர் துணையுமின்றிக் கற்றீரே!’ என்று பாராட்டுவது எத்தகைய நேர்மை? தாமே கற்கத் தெரிவுசெய்தவர் வேறு. தாமே கற்கும்படி விடப்பட்டவர் வேறு. இவ்விருவரையும் ஒரே பட்டத்தால் அழைப்பது வசதியான மறதியாகும்.

மூன்றாவது திரை சிகிச்சை. ஓவியம் மனத்தை அமைதிப்படுத்தும் என்பதில் எமக்கு ஐயமில்லை; அது எல்லார் மனத்தையும் அமைதிப்படுத்தும். ஆனால் ஓட்டிசமுடையவர் வரைந்தால் மட்டும் அது சிகிச்சையென்றும் மற்றவர் வரைந்தால் கலையென்றும் கொள்வது எவ்வகை நியாயம்? சிகிச்சையின் விளைபொருள் நோயாளிக் கோவையிற் சேர்கின்றது. கலையின் விளைபொருள் சுவரிலேறி விலை பெறுகின்றது.

மருத்துவ நோக்கின் அதிகாரம் எத்தகையது என்பதற்கு 1967ஆம் ஆண்டு நல்ல சான்றாகும். லியோ கானர் 1943இல் 11 குழந்தைகளை ஆராய்ந்து ஓட்டிசத்தை விவரித்ததன் பின்னர், தாயின் அன்பின்மையே அதற்குக் காரணமென்ற கொள்கை பரவிற்று. புறூனோ பெற்றல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூல் அக்கொள்கைக்குப் பெருஞ் செல்வாக்கை அளித்தது. அதே ஆண்டில் கிளாரா பார்க் என்னும் தாயார், 1958இல் பிறந்த தம் மகள் ஜெசியை வளர்த்த அனுபவத்தை நூலாக்கி அதற்கு மறுமொழியாக நின்றார். கொள்கை பின்னர் வீழ்ந்தது. ஜெசியோ வளர்ந்து, வில்லியம்ஸ் கல்லூரியின் தபாற்பிரிவிற் சம்பளத்துக்குப் பணிபுரிந்தார். வீடுகளையும் பாலங்களையும் விண்மீன் நிறைந்த வானத்தின்கீழ், இயற்கையில் இல்லாத வர்ணங்களில், மிகத் துல்லியமாகத் தீட்டினார். அவற்றை விற்றும் வந்தார். தொழிலாளியாகவும் ஓவியராகவும் ஒருங்கே வாழ்ந்த இவ்வாழ்வை விளக்க நோய் என்ற சொல்லும் போதாது. அற்புதம் என்ற சொல்லும் போதாது.

அவ்வாறாயின் தொழிலொன்றுக்கு வேண்டியது யாது? திறமை மட்டுமன்று. ஓவியச் சந்தை பேச்சினால் இயங்குவது. கண்காட்சித் திறப்புவிழாவில் நின்று உரையாடவேண்டும்; கடிதத்துக்கு மறுமொழி எழுதவேண்டும்; விலை பேசவேண்டும்; ஒப்பந்தத்தின் சிற்றெழுத்துகளை வாசிக்கவேண்டும். தூரிகைக்கும் இவற்றுக்கும் தொடர்பெதுவும் இல்லை. எனினும் இவற்றில் தவறுவோரைச் சந்தை ஓவியத்தில் தவறியோராகவே கணிக்கின்றது. ஆகவே இப்பணிகளை ஏற்று நடத்தும் நிறுவனங்கள் தேவை. 1974இல் தோன்றி, கலிபோர்னியாவின் ஓக்லன்ட் நகரில் இயங்கும் ‘கிரியேற்றிவ் குரோத்’ என்னும் கலைக்கூடம் இதற்கு முன்னோடியாகும். மாற்றாற்றலுடைய ஓவியருக்கு இடமும் பொருளும் நேரமும் அது வழங்குகின்றது; விற்பனையாகும் படைப்பின் விலையிற் பாதி ஓவியரைச் சேர்கின்றது. இலண்டனில் ‘அக்சன்ஸ்பேஸ்’ என்னும் அமைப்பு 1999 முதல் நெனா கலு என்னும் ஓட்டிசமுடைய கலைஞருக்குத் துணைநின்றது. வாய்ப்பேச்சு மிகக் குறைந்த அவர், துணியையும் நாடாவையும் சுற்றிச் சுற்றிக் கட்டும் தொங்கு சிற்பங்களுக்காகவும் சுழலாகப் பெருகும் கோட்டோவியங்களுக்காகவும் 2025இல் பிரித்தானியாவின் ரேர்னர் பரிசைப் பெற்றார். பரிசு ஒரு நாளில் வந்தது. அதற்குப் பின்னால் கால் நூற்றாண்டுக் கூலியும் கூடமும் துணையும் இருந்தன. பிளாக்ஸ்ரொக்கின் கால் நூற்றாண்டையும் கலுவின் கால் நூற்றாண்டையும் அருகருகே வைத்து நோக்குவோருக்கு வேறு வாதம் வேண்டியதில்லை.

இதற்கு இரு மறுப்புகள் எழலாம். ஒன்று: துணைநிற்போர் பொருளைத் தெரிந்து, கூடத்தை ஒழுங்குசெய்து, விலையும் பேசினால் படைப்பு யாருடையது? இவ்வினாவை ரூபன்சின் பட்டறையை நோக்கியும் எழுப்பலாம். உதவியாளர் பலரை வைத்துப் பெருந்திரைகளைத் தீட்டுவித்த அவரை எவரும் ஓவியரல்லர் என்று கூறுவதில்லை. ஆயினும் இங்கு மெய்யான அபாயம் ஒன்று உண்டென்பதை ஏற்கவேண்டும்: கையொப்பமிடுபவர் வேறாகவும் காசோலை பெறுபவர் வேறாகவும் அமைந்துவிடலாம். அதற்குப் பரிகாரம் துணையை நீக்குவதன்று. துணையைக் கணக்குக்கு உட்படுத்துவதே.

மற்றது: கலையைச் சந்தைப் பொருளாக்க நாமும் துணைபோவதா? இவ்வினாவை எழுப்புவோர் எமது நண்பர்களே. ஆதலின் தெளிவாக விடையிறுக்கவேண்டும். சந்தை ஏற்கனவே அங்கு நுழைந்துவிட்டது. சிக்காக்கோவில் தனியறையில் வாழ்ந்து 1973இல் இறந்த ஹென்றி டார்கர், மருத்துவமனைக் கூலித் தொழிலாளியாக உழைத்தவர். வாழ்நாளில் ஓவியத்தால் எதனையும் ஈட்டாதவர். அவர் இறந்தபின் அவரது ஓவியங்கள் இலட்சக்கணக்கான டொலருக்கு விலைபோயின. 2022இல் தூரத்து உறவினர் உரிமைகோரி நீதிமன்றம் சென்றனர். அவருக்கு ஓட்டிசம் இருந்ததா என்று இறந்தவரை ஆராய்வது எமது நோக்கமன்று. புறத்தாரென ஒதுக்கப்பட்டவரின் கலை விற்கப்படுமா என்பது கேள்வியன்று. விற்ற பணம் யார் கையிற் சேரும் என்பதே கேள்வி. ஓட்டிசமுடையவரிடம் மட்டும் ‘கலைக்கு விலை கேளாதே’ என்று துறவறம் போதிப்பது முற்போக்காகாது.

இவை தூரதேசத்துச் செய்திகள் என்று ஒதுக்கிவிடும் உரிமையும் எமக்கில்லை. மாற்றாற்றலுடையோரின் உரிமைகள் தொடர்பான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் எம் நாட்டுச் சட்டமேயாகும். ஐக்கிய நாடுகள் சபை 2006இல் ஏற்ற சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்தது. அதன் 27ஆம் உறுப்புரை தொழிலைப் பற்றியது. 30ஆம் உறுப்புரை படைப்பாற்றலை வளர்க்கும் வாய்ப்பைப் பற்றியது. அவ்வாய்ப்பு அவரது நலனுக்காக மட்டுமன்றிச் சமூகம் வளம் பெறுவதற்காகவும் அளிக்கப்படல் வேண்டுமென்று அது கூறுகின்றது. ஏற்புறுதி செய்த பத்திரத்தில் மை உலர்ந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

மாணவரும் ஆசிரியரும் விமர்சகருமாகிய நாம் செய்யக்கூடியவை பெருஞ் செலவுக்குரியனவல்ல. படைப்பைப் பற்றி எழுதும்போது படைப்பை முதலில் எழுதுவோம். மருத்துவப் பெயர் வேண்டுமாயின் பின்னர் வரட்டும். ‘மதியிறுக்கம்’ போன்ற சொற்களை ஆளுமுன், இறுகியிருப்பது யாருடைய மதி என்று ஒருமுறை சிந்திப்போம். பேச்சுத் தேர்வினாலன்றிக் கைவேலையினால் ஒருவரை வரைதல் வகுப்பிற் சேர்ப்போம். கண்காட்சியில் அவர் படத்தைத் தொங்கவிட்டால், அருகில் அனுதாப வாசகம் எழுதாது விலையை எழுதுவோம். படம் நன்றாயில்லையெனில் அதனையும் துணிந்து கூறுவோம். கண்டிக்கப்படும் தகுதியும் கலைஞனின் உரிமைகளுள் ஒன்று.

கைதட்டலைக் கொண்டு எவரும் வர்ணம் வாங்கியதில்லை.